நாற்பத்து நாலு ஊசி

முதலில் ஒரு சத்தம்.
பல்லி சொல்வதுபோல. டிக். டிக்.
எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று
பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும்;
லேப்டாப்புக்குள் சொன்னால் பலன் ஒன்றுதான்.

காவேரிப்பட்டணம் சாலை எடைமேடை.
வைகாசி பதினொன்று.
வெளியே இருபத்தேழு வண்டி பெங்களூரா மாங்காய்.
நீலத் திரை. பிறகு கறுப்புத் திரை.
பிறகு நானும் ஒரு பால்பாயின்ட் பேனாவும்.

புதுசு வாங்கலாமே என்று சொல்லாதவர் இல்லை.
புதுசுக்குப் பின்னால் ஒன்பது ஊசித் துளை கிடையாது.
மேடையிலிருந்து வரும் வயர்
அதைத் தவிர வேறெதனோடும் பேசாது.
சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்த கோயம்புத்தூர்க்காரரின் நம்பரை
இப்போது யாரோ ஒரு பெண் எடுக்கிறார்.
மூன்று வருஷமாக, அலுக்காமல்,
"ராங் நம்பருங்க."

கையால் எழுதிய சீட்டை
பல்ப் ஃபேக்டரி கேட்டில் வாங்கவில்லை.
என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும்.
"மெஷின் அடிச்சதா கேக்கறாங்கக்கா"
என்று திம்மராயன் திருப்பி நீட்டினான்.
அவன் லோடு ஐந்து டன் நானூற்றுப் பத்து.
பேசிக்கொண்டிருக்கும்போதே
வெயில் அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருந்தது.

ரவுண்டானா பக்கம் ஷம்ஷீர் கடை.
நாலு திருகு கழற்றி
டிஸ்கைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார்,
முற்றிய தேங்காயா என்று பார்ப்பதுபோல.
"எண்ணுங்க. நாற்பத்து நாலு ஊசி.
இப்ப வர்றதெல்லாம் சாட்டா, தட்டைப் பல்லு.
இதை இனிமே யாரும் செய்யறதில்ல."

ஓசூரில் கேட்டேன். சிரித்தார்கள்.
பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒருவன்
அரைச் சாக்கு டிஸ்கைத் தரையில் கவிழ்த்தான்.
கிலோ கணக்கு.
எனக்கே எடை போட்டுக் கொடுக்கிறான்.
ஏழு பொறுக்கினேன்.
இரண்டில் ஊசி வளைந்திருந்தது.
நான்கு சுற்றவே இல்லை.
ஒன்று சுற்றியது,
பல்லியோடு.

பத்தாம் நாள் ஷம்ஷீரே கூப்பிட்டார்.
தருமபுரியில் ஒரு பட்டுக்கூடு ஏஜென்ட்
கடையைக் காலி செய்கிறாராம்.
மேஜைக்கடியில் அதே கம்பெனி, அதே வயசு,
கீல் உடைந்த லேப்டாப்.
எண்ணூறு ரூபாய்.

உள்ளே முழுக்கக் கணக்கு.
மாதம்மாள், பாலக்கோடு, 38 கிலோ 450.
ருத்திரப்பன், பென்னாகரம், 12 கிலோ 075.
எழுபத்தைந்து கிராம்!
என் மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
நானே ஏறி நின்றால்
ஐம்பதா அறுபதா என்று தடுமாறும்.
இந்த மனுஷன் எட்டு வருஷம்
ஒவ்வொரு கிராமையும் உட்கார்ந்து அடித்திருக்கிறார்,
உள்ளே புழு உயிரோடிருக்க
நாளாக நாளாக இளைக்கிற சரக்குக்கு.

"ஃபார்மட் போட்டுடவா?"
ஷம்ஷீரின் விரல் எண்டர் மேல்.
இருங்க என்றேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.
ஏஜென்ட்டுக்குப் போன் போட்டோம்.
"எல்லாம் பைசல் ஆன கணக்குங்க. அழிச்சிடுங்க."
பின்னால் பஸ் ஹாரன்.
"மாதம்மாளுக்கு மட்டும் இருநூறு நிக்குது.
அது எனக்கு ஞாபகமிருக்கு."

அழிய நாற்பது நிமிஷம். டீ வந்தது.
அழித்ததற்குப் பின்னும் முன்னும்
டிஸ்க் ஒரே கனம்தான்.
காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும்
நடுவிலுள்ள வித்தியாசத்தில் பிழைப்பவள் நான்;
கையில் வைத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன்.

சாயங்காலம் பிரின்டர் கரகரத்தது.
முதல் சீட்டு திம்மராயனுக்கே. ஐந்து டன் இருநூற்று முப்பது.
மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவன்
கால்மணியில் திரும்பி வந்தான்.
தேதி: ஒன்று, ஜனவரி, இரண்டாயிரத்து இரண்டு.
"கேட்டுல கேக்கறாங்கக்கா,
ஜனவரியில ஏதுய்யா மாங்கா?
பூவே வந்திருக்காதேன்னு."

காசு சைஸில் ஒரு பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.
அது கடிகாரக் கடையிலேயே கிடைக்குமாம்.
தேதியைப் பேனாவால் திருத்திக் கொடுத்தேன்.
பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.
வாங்கிக்கொண்டார்கள்.